தொர்தோன் ஆற்றில் வாடகைக் கனூ: எந்தத் துண்டை எடுப்பது, கடையில் எதைக் கேட்பது

பிரான்சின் தென்மேற்கே, பெரிகோர் பக்கம், கோடை பிறந்துவிட்டால் தொர்தோன் ஆற்றங்கரை நெடுகக் கனூ வாடகைக் கடைகள்தான். கார்சாக், வித்ராக், செனாக், லா ரோக் கஜாக், பெய்னாக் என்று எந்த ஊரில் இறங்கினாலும் பிளாஸ்டிக் படகுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இழுவை வண்டி மாட்டிய வேனோடு ஒருவர் நிற்பார். படகைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. எல்லாரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கெட்டிப் பாலிஎத்திலீன் கனூ. பாறையில் மோதினாலும் கீறல்தான் விழும், உடையாது. விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 15 முதல் 30 யூரோ. அந்த நாள் நன்றாக அமைவது வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: ஆற்றின் எந்தத் துண்டை உங்களுக்கு விற்கிறார்கள், வேனை எப்போது ஓட்டுகிறார்கள்.

முதலில் துண்டு. ஆறு இங்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. மேலிருந்து கீழாக ஊர்களின் வரிசை: கார்சாக், மோன்ஃபோர் வளைவு, வித்ராக், செனாக், லா ரோக் கஜாக், காஸ்தெல்நோ, பெய்னாக், மிலாந்த். பெரும்பாலானவர்கள் எடுப்பது செனாக் முதல் பெய்னாக் வரையிலான சுமார் 9 கிமீ. நிறுத்தாமல் போனால் இரண்டு மணி நேரம், இறங்கி ஏறிப் போனால் அரை நாள். வித்ராக்கில் ஏறினால் சுமார் 16 கிமீ. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரமாவது ஆகும். கார்சாக்கில் ஏறினால் 20 கிமீயைத் தாண்டும், முழு நாளும் போய்விடும்.

முதல் முறை வருபவர் 9 கிமீ துண்டையே எடுக்கலாம், வேறு யோசனையே வேண்டாம். லா ரோக் கஜாக்கின் மஞ்சள் பாறைச் சுவர், மார்கேசாக் தோட்டத்துக் குன்று, காஸ்தெல்நோ கோட்டை, ஃபேராக் கோட்டை, பெய்னாக் கோட்டை எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. மேல் துண்டில் கிடைப்பது மோன்ஃபோர் வளைவும் அதன் மேல் நிற்கும் கோட்டையும், பிறகு அமைதியும். அமைதி வேண்டுமென்றால் அதற்காகவே வித்ராக்கில் ஏறலாம். ஜூலை, ஆகஸ்டில் கூட அங்கே கூட்டம் குறைவு. ஆனால் 'பணம் கொடுக்கிறோம், நீளமானதையே எடுப்போம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. 16 கிமீ எடுத்தவர்களில் பலர் பிற்பகலில் தோள் வலியோடு, காட்சிகள் செறிந்த கடைசி 7 கிமீயில் தலை நிமிராமல் துடுப்பு வலிப்பார்கள். மேற்கிலிருந்து காற்று எழுந்தால் அது நேராக முகத்தில் அடிக்கும்; நீரோட்டம் மெதுவான இடங்களில் படகு நின்றே போகும்.

அடுத்தது வேன். இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் பயணம் முடியும் இடத்தில் காரை விடுகிறீர்கள், வேன் உங்களை மேலே கொண்டுபோய் விடுகிறது, ஆற்றோடு இறங்கி உங்கள் காருக்கே வந்து சேர்கிறீர்கள். இரண்டாவது முறையில் காரை ஏறும் இடத்தில் விட்டுவிட்டு, கீழே போய் இறங்கி, வேனுக்காகக் காத்திருக்கிறீர்கள். விளம்பரப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் எழுதியிருக்கும். அனுபவத்தில் இரண்டும் வேறு. முதல் முறையில் அவசரமே இல்லை. இரண்டாவதில் கடைசி வேனின் நேரம் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் ஈரத் துணியோடு வெயிலில் நின்றுகொண்டு. முன்பதிவு செய்யும்போதே 'படகு விட்டு இறங்கும் இடத்தில்தான் கார் நிற்குமா?' என்று கேளுங்கள். இல்லை என்றால், வேன் எத்தனை மணிக்கு ஒருமுறை, கடைசி வேன் எப்போது, தவறவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பக்கத்துக் கடை இருக்கிறது. பத்தடி தள்ளித்தான் இருக்கும்.

நல்ல கடையை அடையாளம் காண இன்னொரு வழி, அவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகள். பிரான்சில் வாடகைக் கனூவுக்கு விதி உண்டு: ஏறுபவர் குறைந்தது 25 மீட்டர் நீந்தத் தெரிந்தவராகவும் தண்ணீருக்குள் தலை முக்கப் பயப்படாதவராகவும் இருக்க வேண்டும், மூடிய காலணி போட்டிருக்க வேண்டும், மிதவைச் சட்டை தரப்பட வேண்டும். 'நீச்சல் தெரியுமா?' என்று கேட்காமலேயே துடுப்பைக் கையில் திணிக்கும் கடையில் வேறு எதையும் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் 5 அல்லது 6 வயதுதான் கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் ஏற்ற மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. மிதவைச் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். குழந்தைக்கு இதை மறக்கவே கூடாது. செருப்பு ஆகாது; ஆற்றடிக் கூழாங்கல்லில் முதலில் கழன்று போவது அதுதான். பழைய கான்வாஸ் ஷூ போதும்.

படகுக்கு ஒன்று வீதம் நீர் புகாத பிளாஸ்டிக் டிரம் தருவார்கள். திருகு மூடி ஒரு வகை, இரும்பு வளையம் போட்டுப் பூட்டும் மூடி இன்னொரு வகை. 'நீர் புகாதது' என்ற சொல்லை நம்பிக் கேமராவைப் போடுபவர்கள் ஏமாறுவது டிரம்மால் அல்ல, விளிம்பில் ஒட்டிய மணலால். மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் நாலு மணல் துகள் சிக்கினால் போதும், படகு கவிழ்ந்து டிரம் மிதக்கும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் விரலால் அந்த விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு மூடுங்கள். கார் சாவி, போன், பாஸ்போர்ட் மூன்றையும் தனியாக ஒரு ஜிப் பையில் போட்டு அதற்குள் வையுங்கள். டிரம்மைப் படகோடு கட்டக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத டிரம் உங்களுக்கு முன்பே பெய்னாக் போய்ச் சேரும். தண்ணீர்ப் பாட்டில் மட்டும் வெளியே இருக்கட்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஜூலை வெப்ப அலையில் 35 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் முழங்காலையும் பாதத்தின் மேற்புறத்தையும்தான் முதலில் சுட்டெடுக்கும்.

எதில் ஏறுவது? இரண்டு பெரியவர்களுக்கு இரட்டைக் கனூ. நடுவில் ஒரு சின்ன இருக்கை இருக்கும், அது குழந்தைக்கு. தனியாள் கயாக் வேகம், ஆனால் துடுப்பிலிருந்து வடியும் தண்ணீர் மடியை நனைத்துக்கொண்டே இருக்கும். நின்றுகொண்டு ஓட்டும் பலகையை 9 கிமீக்கு எடுப்பது, எதிர்க்காற்று கிளம்பியதும் வருத்தப்பட வைக்கும்.

கனூவில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், திசை திருப்புவதும் அவர் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் போடுபவர் மாதிரி: ஒரே சீராக, ஒரே பக்கம் வலித்தால் போதும். பின்னவர் எதிர்ப் பக்கம் வலித்து, படகு விலகும்போது துடுப்பைப் பின்னால் தண்ணீரில் நட்டுச் சுக்கானாகப் பிடித்து நேராக்குவார். இருவரும் ஒரே நேரத்தில் திருத்த முயன்றால் படகு கரைக்குக் கரை பாம்பாக நெளியும், அதோடு சண்டையும் ஆரம்பிக்கும்.

இந்தத் துண்டு மிக எளிதானது, அருவியோ பாய்ச்சலோ இல்லை. ஆனாலும் படகுகள் கவிழத்தான் செய்கின்றன, பெரும்பாலும் ஒரே காரணத்தால். ஏதோ ஒரு தடை, அதாவது பாலத் தூணோ, சாய்ந்த மரமோ, இன்னொரு படகோ, எதிரே வருகிறது. பயத்தில் எல்லாரும் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். படகின் மேல்நீர் விளிம்பு, அதாவது தண்ணீர் வந்து மோதும் பக்கம், தாழ்கிறது, நீரோட்டம் அதற்குள் ஏறி ஒரே நொடியில் புரட்டிவிடுகிறது. செய்ய வேண்டியது தலைகீழ்: தடையில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டால் தடையின் பக்கமே சாயுங்கள், கையை அதில் ஊன்றி மெல்ல வழுக்கி விலகுங்கள். மரக்கிளையைப் பிடித்துத் தொங்குவது மட்டும் கூடாது. நீங்கள் நிற்பீர்கள், படகு போகும். காஸ்தெல்நோ பாலத்திலும் அதற்குக் கீழே உள்ள ரயில் பாலத்திலும் எந்த வளைவுக்குள் நுழைவது என்பதை ஐம்பது மீட்டர் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால் விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரிய, காலை நீரோடும் திசைப் பக்கம் நீட்டி மிதந்து போங்கள். ஓட்டமுள்ள இடத்தில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் மாட்டும், தண்ணீர் முதுகை அழுத்தும். முழங்கால் ஆழத்தில் கூட அது ஆபத்து. படகைப் பிடிப்பதென்றால் மேல்நீர்ப் பக்கத்து முனையைப் பிடியுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று அணைகள். இந்த ஆற்றின் மேல் பகுதியில் போர்-லேஸ்-ஓர்க் முதல் அர்ஜந்தா வரை வரிசையாக நீர்மின் அணைகள். மின்சாரத் தேவைக்கேற்ப அங்கே தண்ணீர் திறக்கும்போது மட்டம் ஏறும். அணைக்கு அருகே அது திடீரென்று தெரியும். இவ்வளவு கீழே வரும்போது தணிந்துவிடுகிறது. ஆனால் கூழாங்கல் திட்டில் பாதி இழுத்து விட்ட படகு சாப்பிடும் நேரத்தில் மிதந்து போக அந்தக் கொஞ்சமே போதும். முழுசாக மேலே இழுத்துப் போடுங்கள். இடிமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் கடைக்காரர் அனுப்பமாட்டேன் என்றால் வாதாட வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருவார்களா, நாள் மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் கேளுங்கள்.

இனி ஆற்றில் இருந்து தெரிவது. செனாக்கில் ஏறும்போது தலைக்கு மேலே குன்றில் இருப்பது தொம், 1281-ல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் கட்டத் தொடங்கிய கோட்டை ஊர். ஒரு வளைவு தாண்டியதும் வலப்பக்கம் லா ரோக் கஜாக். ஊரே பாறைச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வரிசைதான். தெற்கே பார்த்த பாறை பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் கீழே வாழையும் பனையும் வளர்கின்றன, பிரான்சின் உள்நாட்டில்! அதே பாறை 1957 ஜனவரியில் பெயர்ந்து விழுந்து மூன்று உயிர்களையும் பல வீடுகளையும் கொண்டுபோனது. சுவரில் வெளிறிய, கறை படியாத பகுதி அந்தக் காயம். ஊருக்குள் நடப்பதைவிட ஆற்றில் நடுவாக நின்று பார்ப்பதில்தான் இதன் முழு வடிவம் தெரியும். சாலையில் நின்றால் கூரை மட்டும்தான், கழுத்தும் வலிக்கும்.

இங்கேதான் கபார் என்ற தட்டையடிப் படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரு காலத்தில் கட்டையும் பீப்பாயும் ஏற்றி போர்தோ பக்கம் இறங்கிய படகுகளின் நகல் அவை. அவற்றுக்கு வழிவிட்டு ஓரமாகப் போங்கள், கிளப்பும் அலையை நேராக மூக்கால் வாங்குங்கள். நீச்சல் தெரியாதவர், முதியவர், கைக்குழந்தைக்காரர் என்றால் கனூவை மறந்துவிட்டு அந்தக் கபாரையே எடுக்கலாம்: ஏறக்குறைய ஒரு மணி நேரம், விளக்கவுரையோடு. மற்றவர்களுக்கு அது கொஞ்சம் சப்பென்றிருக்கும். காஸ்தெல்நோ பக்கம் போய்விட்டுப் புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடுவதால் பெய்னாக்கின் அடிவாரம் கிடைக்காமல் போகிறது.

காஸ்தெல்நோவும் பெய்னாக்கும் எதிரெதிர்க் கரை. நூறாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கம், காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில், 1442 வரை. ஆறு எல்லைக்கோடு. அதைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. காஸ்தெல்நோ பாலத்தைத் தாண்டி ஒரு கோட்டை முதுகுக்குப் பின்னும் இன்னொன்று நெற்றிக்கு நேரேயும் நிற்கும்போது சொல்லாமலே விளங்கும். பெய்னாக் அருகே ஆற்றுக்குள் சில கான்கிரீட் தூண்களைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஊரைச் சுற்றிப் போகும் சாலைக்காகத் தொடங்கிய வேலை அது. 2018 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்தியது, 2019-ல் இடிக்கவே தீர்ப்பு வந்தது, அதன் பிறகும் வழக்கு இழுத்தது. உள்ளூர்க்காரரிடம் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டால் பிற்பகல் போய்விடும்.

புறப்படும் நேரம்: கோடையில் காலை 9 மணி வேன் இருந்தால் அதுதான். பதினொன்றுக்கு மேல் மூன்று மணி வரை லா ரோக் கஜாக் முன்னால் படகோடு படகு உரசும். காலையில் காற்றும் இருக்காது. பிற்பகல் மூன்றுக்குப் பிறகு ஏறுவதும் நல்ல யோசனைதான், மாலை வெயிலில் பாறை பொன்னிறமாகும். ஆனால் கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டைகளுக்குள் போவதைப் படகு நாளோடு சேர்க்காதீர்கள். ஈரக் காலணியோடு பெய்னாக்கின் செங்குத்துத் தெருவில் ஏறுவது தண்டனை. வேறொரு நாள் என்றால், குழந்தைகள் இருந்தால் காஸ்தெல்நோ: உள்ளே இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம், முற்றத்தில் கல்லெறி பொறிகள். வெறும் கல்லும் உயரமும் பிடித்தவர்களுக்குப் பெய்னாக். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது அலுப்பு. மிலாந்த், பாட்டும் நடனமுமாகப் புகழ்பெற்ற ஜோசஃபின் பேக்கர் 1947-ல் வாங்கிக் குடியிருந்த மாளிகை. அவர் கதைக்காகப் போகலாம். மார்கேசாக்கில் கத்தரித்து உருட்டிய 150,000 பாக்ஸ் புதர்ச் செடிகள், சுமார் 130 மீட்டர் உயரத்திலிருந்து நீங்கள் துடுப்பு வலித்த ஆறு முழுசும் காலடியில்.

கூட்டமே ஆகாது என்பவர்களுக்கு வடக்கே வெஸேர் ஆறு. அகலம் குறைவு, கரையெல்லாம் மர நிழல், கோட்டைக்குப் பதில் குகை வீடுகள். லா ரோக் சேன் கிரிஸ்தோஃபின் பாறைத் தட்டு ஏறக்குறைய ஒரு கிமீ நீளம். ஆகஸ்ட் இறுதியில் மழை பெய்யாத ஆண்டென்றால் தண்ணீர் வற்றி அடிக்கடி இறங்கிப் படகை இழுக்க நேரும், முதல் நாளே போன் செய்து மட்டம் கேட்பது நல்லது. ஆதிமனிதர் ஓவியங்களுக்குப் பெயர்போன லாஸ்கோ குகையின் நகலும் அந்தப் பக்கம்தான், மோன்தின்யாக்கில். அசல் குகை 1963 முதல் மூடியிருக்கிறது. அசல் வண்ண ஓவியமே வேண்டுமென்றால் லேஸெய்ஸி ஊரில் ஃபோன் த கோம் குகை. நாளொன்றுக்குச் சிலரையே விடுவதால் சீட்டு முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், கோடையில் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

கார் இல்லாமல் வருவதென்றால் போர்தோவிலிருந்து பக்கத்து ஊரான சார்லாவுக்கு ரயில் உண்டு. சார்லாவிலிருந்து பழைய ரயில் பாதையைத் தார் போட்டு மாற்றிய மிதிவண்டித் தடம் கார்சாக் வழியாக ஆற்றுக்கு இறங்குகிறது, ஏற்றம் மிகக் குறைவு. சைக்கிளில் போய்ப் படகு ஏறலாம், ஆனால் வேன் சைக்கிளை ஏற்றுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைக் கையோடு கட்டி எடுத்துக்கொள்வதே மேல். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சின்ன ஊர்க் கடைகள் மூடிவிடும். சார்லா சந்தை புதன், சனி காலை. வால்நட், ஸ்ட்ராபெர்ரி, கபேகூ என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி வாங்கினால் படகுச் சாப்பாடு முடிந்தது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உணவகப் பட்டியலில் சார்லா உருளைக்கிழங்கு என்று அப்பாவியாக இருப்பது வாத்துக் கொழுப்பில் பொரித்தது. கோடை மாலைகளில் ஊர்ச் சதுக்கங்களில் நடக்கும் இரவுச் சந்தைக்குப் போவதென்றால் தட்டு, டம்ளர், கரண்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சாப்பாடு விற்பார்கள், பாத்திரம் பல இடங்களில் தரமாட்டார்கள்.